கழிவுப் பாகின் கதை

கொள்ளிடத்தின் வடகரையிலே நெல்லும் வாழையும் கரும்பும் செழித்து வளரும் பூமி லால்குடி. அதன் அருகே காட்டூரில் கோத்தாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலையும், அதனுடன் ஓர் எரிசாராய ஆலையும் அமைந்துள்ளன. சர்க்கரைக்கும் சாராயத்துக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவலாம்.

கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தபின், கன்னங்கரேலென்று ஒரு பாகு மிஞ்சுகிறது. அதற்கு மொலாஸஸ் என்று பெயர். நூறு டன் கரும்பை ஆட்டினால் நாலைந்து டன் கிடைக்கும். இனிப்பு நிறைய இருந்தும், அதிலிருந்து சர்க்கரை எடுப்பது கட்டுபடியாகாது. மனிதன் கைவிட்ட அந்த இனிப்பை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் விடுவதில்லை. தன்னிடமுள்ள நொதிகளால் அதைச் சாராயமாகவும் கரியமிலவாயுவாகவும் மாற்றிவிடுகிறது. உயிருள்ள ஈஸ்ட்கூட வேண்டாம், அதைப் பிழிந்த சாறே இவ்வேலையைச் செய்யும் என்று 1897-ல் ஜெர்மானிய விஞ்ஞானி எட்வர்டு புஹ்னர் நிரூபித்தார். 1907-ல் நோபல் பரிசும் பெற்றார்.

ஒரு டன் மொலாஸஸிலிருந்து சுமார் 220 லிட்டர் சாராயம் வடிக்கலாம். நீர் நீக்கிய சாராயத்தைப் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு கலக்கும் இலக்கை நம் தேசம் 2025-ல் எட்டிற்று. அந்நிய நாட்டு எண்ணெய்க்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி இங்கேயே தங்குகிறதல்லவா?

கதை இத்துடன் முடிந்தால் நன்றாயிருக்கும். ஆனால் ஒரு லிட்டர் சாராயம் வடித்தால் 8 முதல் 15 லிட்டர் வரை கரிய கழிவுநீர் மிஞ்சுகிறது. அது ஆற்றில் கலந்தால் நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் மடியும். இதற்கும் மருந்து நுண்ணுயிரே! காற்றுப் புகாத தொட்டியில் வேறு நுண்ணுயிர்கள் அக்கழிவை உண்டு மீதேன் வாயுவைத் தருகின்றன. அது கொதிகலனுக்கு எரிபொருளாகிறது. ஆயினும் நிறமும் உப்பும் நீங்குவதில்லை. எஞ்சியதைச் சுண்டக் காய்ச்சி எரிக்கவோ, ஆலைக் கசடுடன் சேர்த்து உரமாக்கவோ வேண்டும். இந்தக் கடைசிச் செலவையும் ஏற்பதே நேர்மையான தொழில்.

விஞ்ஞானிகள் மொலாஸஸோடு நிற்கவில்லை. வைக்கோலிலுள்ள ஒருவகைச் சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் தொடாது. அதன் மரபணுவைத் திருத்தி அதையும் உண்ணப் பழக்கியிருக்கிறார்கள். நெல் வைக்கோலிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலையொன்று 2022-ல் ஹரியானாவின் பானிபட்டில் தேசத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அப்பக்கத்தில் வைக்கோலை வயலிலேயே கொளுத்துவது வழக்கமாகியிருந்தது. லால்குடியிலோ வைக்கோல் மாட்டுக்கு ஆகாரம். அதைக் கழிவென்று கணக்கில் எழுதுமுன், மாடு வைத்திருப்பவரை ஒரு வார்த்தை கேட்பது நலம்.