பபூன் ஞானி ஆனான்! சத்தியம் தவறியவனுக்கும் ஒரு வேஷம்!

மதுரை மாவட்டத்தின் மேற்கே, மலை அடிவாரத்தில் இருக்கும் ஊர் எழுமலை. அங்கே ஒரு வீட்டுத் திண்ணையை மனக்கண்ணால் பாருங்கள்.

அப்பத்தா தாயக்கட்டையை உருட்டிக்கொண்டு இருக்கிறார். லீவுக்கு வந்த பேரன் பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விளையாடுகிறான். திடீரென்று அவன், "ஐயோ!" என்று கத்துகிறான்.

"என்னடா ஆச்சு?"

"என் வீரன் சத்தியத்தை மீறிட்டான், அப்பத்தா!"

"அப்ப ஆட்டம் முடிஞ்சுபோச்சா?"

"இல்லே! இனிமேதான் புது வேஷம் கிடைக்கப்போகுது!"

அப்பத்தா திகைக்கிறார். சத்தியம் தவறியவனுக்கு வேஷமா?

ஆம்! அந்த ஆட்டத்தில் அப்படித்தான்.

ஒளிந்திருக்கும் வேஷம்

திருவிழா நாடகத்தில் ராஜபார்ட் உண்டு, பபூன் உண்டு. யாருக்கு எந்த வேஷம் என்பது மேடை ஏறும் முன்பே முடிவாகிவிடும்.

கம்ப்யூட்டரிலும் வேஷம் கட்டி ஆடும் ஆட்டங்கள் இருக்கின்றன. இவற்றில் ஆடுகிறவரே கதாநாயகன். போர்வீரன், மந்திரவாதி, திருடன் என்று பல வேஷங்கள் இருக்கும். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஆட்டங்களுக்குத் தாய், 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த "டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்". கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் அதை உருவாக்கினார்கள். அப்போது அதற்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. காகிதம், பென்சில், உருட்டுவதற்குப் பகடை, இவையே போதும்!

சில ஆட்டங்களில் ஒரு ரகசியம் உண்டு. எல்லா வேஷங்களும் முதலில் கண்ணில் படுவதில்லை. சில வேஷங்கள் ஒளிந்திருக்கும். குறிப்பிட்ட ஒரு காரியத்தைச் செய்தால்தான் அவற்றின் கதவு திறக்கும்.

இரவில் வந்த கவச வீரன்

பெல்ஜியம் நாட்டில் கெண்ட் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள லாரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் "பால்டர்ஸ் கேட் 3" என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதும் அதற்குக் கிடைத்தது.

அதில் "தர்மவீரன்" போன்ற ஒரு வேஷம் உண்டு. அந்த வேஷத்தை எடுப்பவர், தொடக்கத்திலேயே ஒரு சத்தியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நல்லவர்களைக் காப்பேன் என்று சத்தியம் செய்தவன் அப்பாவியைத் தாக்கினால் சத்தியம் முறியும். தீயவர்களை ஒழிப்பேன் என்று சத்தியம் செய்தவனுக்கோ நேர்மாறு! கையில் சிக்கிய தீயவனைத் தப்பவிட்டாலே சத்தியம் போய்விடும். ஒருவனுக்குப் புண்ணியமாக இருப்பது இன்னொருவனுக்குப் பாவம்!

சத்தியம் முறிந்ததும் அவனுடைய சிறப்புச் சக்திகள் மறைந்துவிடும். பிறகு, அவன் தங்கியிருக்கும் கூடாரத்துக்குக் கவசம் அணிந்த ஒரு வீரன் வருவான். அவனும் ஒரு காலத்தில் சத்தியம் தவறியவன்தான். அவன் இரண்டு வழிகளைக் காட்டுவான்.

ஒன்று, சத்தியம் தவறியவனாகவே வாழ்வது. அதற்குப் புதிய சக்திகள் உண்டு. தொடக்கப் பட்டியலில் இல்லாத வேஷம் இதுதான்.

மற்றொன்று, ஆட்டத்தில் சேர்த்த பொன்னில் ஆயிரம் காசு கொடுத்துப் பழைய சத்தியத்துக்கே திரும்புவது.

சிலர் தெரியாமல் சத்தியத்தை மீறிவிட்டுத் திகைப்பார்கள். சிலர் புது வேஷத்துக்காக வேண்டுமென்றே மீறுவார்கள். எப்படி மீறியிருந்தாலும் சரி, கதவு திறந்த பிறகு உள்ளே போவதா, திரும்புவதா என்பது ஆடுகிறவரின் இஷ்டம்.

பபூனின் அதிர்ஷ்டம்

இதைவிட வேடிக்கை ஜப்பானில் நடந்தது.

1988 பிப்ரவரியில் "டிராகன் குவெஸ்ட் 3" என்ற ஆட்டம் அங்கே வெளிவந்தது. அதை வாங்கக் கடை வாசலில் நீண்ட வரிசை! பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நின்ற பிள்ளைகளும் உண்டு.

அந்த ஆட்டத்தில் ஒரு பபூன் வருவான். எதிரி வெட்ட வரும்போதும் அவன் வேடிக்கை காட்டிக்கொண்டு இருப்பான். சொன்ன பேச்சைக் கேட்கமாட்டான். "இவனை ஏன் கூட்டிவந்தோம்?" என்று தோன்றும்.

அதே ஆட்டத்தில் "ஞானி" என்ற உயர்ந்த வேஷமும் உண்டு. மந்திரவாதியின் வித்தை, பூசாரியின் வித்தை இரண்டும் ஞானிக்குத் தெரியும். மற்றவர்கள் ஞானி ஆக வேண்டுமானால் இருபதாம் படியை எட்ட வேண்டும். கிடைப்பதற்கு அரிய ஒரு நூலும் கையில் இருக்க வேண்டும்.

பபூனுக்கு மட்டும் அந்த நூலே வேண்டாம்! இருபதாம் படி வரை அவனைக் கைவிடாமல் காப்பாற்றினால் போதும். கோவிலுக்குப் போய் அவன் ஞானி ஆகிவிடலாம்!

ஆனால் சும்மா கிடைக்காது. வேஷம் மாறியதும் மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். சேர்த்த பலமும் பாதியாகிவிடும். அந்த நஷ்டத்துக்குச் சம்மதித்தால்தான் ஞானி வேஷம்.

கதவைத் திறந்த காசு

எல்லாக் கதவுகளும் இப்படி நியாயமாகத் திறப்பதில்லை.

2017 நவம்பரில் "ஸ்டார் வார்ஸ் பேட்டில்பிரன்ட் 2" என்ற ஆட்டம் வெளிவந்தது. அதை விற்றது அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம். படத்தில் வரும் புகழ்பெற்ற பாத்திரங்கள் அதில் பூட்டப்பட்டு இருந்தன. ஒரு பாத்திரத்தைத் திறக்க 60,000 புள்ளிகள் வேண்டும். "இதற்கு சுமார் 40 மணி நேரம் ஆட வேண்டும்" என்று ஆடியவர்கள் கணக்குப் போட்டார்கள். காசு கொடுத்துப் பெட்டிகள் வாங்கினால் விரைவாக முன்னேறலாம். பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டம்!

உலகெங்கும் கண்டனம் எழுந்தது. 60,000 புள்ளிகள் 15,000 ஆகக் குறைக்கப்பட்டன. ஆட்டம் முறைப்படி வெளியாவதற்கு முன்பே காசு வாங்குவது நிறுத்தி வைக்கப்பட்டது. மறு ஆண்டு, 2018-ல், பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம் சில ஆட்டங்களில் உள்ள இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டமே என்று கூறிவிட்டது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். தர்மவீரன் கொடுத்த ஆயிரம் பொன் ஆட்டத்தில் சேர்த்த பொன். அதிர்ஷ்டப் பெட்டிக்குப் போவது அப்பா உழைத்துச் சேர்த்த பணம்!

அப்பத்தாவுக்குத் தெரிந்த விதி

மறுபடி எழுமலைத் திண்ணைக்கு வருவோம்.

தாயக்கட்டத்தில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். குறுக்குக் கோடு போட்ட கட்டத்துக்கு "மலை" என்று பெயர். மலையில் நிற்கும் காயை யாரும் வெட்ட முடியாது. பல இடங்களில் இன்னொரு விதியும் உண்டு. எதிராளியின் காயை ஒரு தடவையாவது வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் போகலாம், பழம் ஏறலாம்.

பயந்துகொண்டு மலையிலேயே நின்றால் காய் தப்பும். ஆனால் வழி திறக்காது. வெட்டப் போனால் வழி திறக்கலாம்; வெட்டுப்பட்டு முதலுக்கே திரும்பவும் நேரலாம். கட்டை என்ன விழும் என்பது அதிர்ஷ்டம். எந்தக் காயை நகர்த்துவது என்பது அவரவர் புத்தி!

பேரன் இதைக் கேட்டுச் சிரிக்கிறான். "உன் ஆட்டமும் என் ஆட்டமும் ஒண்ணுதான், அப்பத்தா!"

அப்பத்தா விடவில்லை. "அது சரி. உன் ஆட்டத்திலே கதவு எதாலே திறக்குது? நீ செஞ்ச காரியத்தாலேயா, உங்கப்பன் காசாலேயா?"

பிள்ளைகள் விளையாடும்போது ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி அது!