கடிகார முள் கற்பித்த பாடம்

கணிப்பொறித் திரையில் ஒரு நேர்கோடு வரைவது எளிதா, அரிதா? எளிது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் சிதறிய கதையே இக்கட்டுரை.

சென்ற பருவத்தில் எங்கள் வரைகலைப் பேராசிரியர் ஒரு செயல்திட்டம் கொடுத்தார். நால்வர் சேர்ந்து, திரையில் ஓடும் கடிகாரம் ஒன்றை உருவாக்க வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: கோடு வரைய ஆயத்தமாக உள்ள கட்டளையைத் தொடக்கூடாது. ஒரு புள்ளியை ஒளிரச் செய்யும் கட்டளை மட்டுமே துணை. “கடையில் இட்டிலி கிடைக்கும்போது மாவரைக்கச் சொல்கிறாரே!” என்று முணுமுணுத்தோம்.

திரை என்பது புள்ளிகளால் ஆன கட்டம். இன்று பரவலாக உள்ள திரைகளில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080. ஆக மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒன்றாம் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் நடுவே வேறு வரிசை இல்லை. ஆனால் நேர்கோட்டுச் சமன்பாடோ ஒன்றரை என்றும் விடை தரும். ஒன்றில் வைப்பதா, இரண்டில் வைப்பதா? இந்த முடிவுகளின் தொடர்ச்சியே கோடு.

இதற்கான பிரெசன்ஹாம் முறையை உள்தேர்வில் மனப்பாடமாக எழுதி முழு மதிப்பெண் பெற்றவன் நான். நிரல் எழுத அமர்ந்தபோது அது கைகொடுக்கவில்லை. பள்ளியில் படித்த சமன்பாட்டையே நம்பினேன். மூன்று மணிக்கு முழுதாய் நின்ற முள், ஒரு மணிக்குத் துண்டு துண்டாய்ச் சிதறியது. பன்னிரண்டு மணிக்கு நிரலே நின்றுவிட்டது. வகுப்பு சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை; திருத்தித் தரவும் இல்லை. “வரைபடத்தாளில் கையால் வைத்துப் பாருங்கள்” என்று மட்டும் சொன்னார்.

எங்கள் குழுவில் தமிழ்வழியில் பயின்று வந்த நண்பர் ஒருவர். ஆங்கிலப் பாடநூலுக்கு அஞ்சி வகுப்பில் வாய் திறவாதவர். அவர்தான் பென்சிலை எடுத்தார். “குறுக்கே 3 கட்டம் போவதற்குள் நெடுக்கே 8 கட்டம் ஏற வேண்டும். ஒன்பது வரிசைக்கு நான்கு புள்ளிதானே வைக்கிறாய்? எந்தப் பக்கம் நீளமோ அந்தப் பக்கமாக எண்ணிப் பார்” என்றார். சிதறல் தீர்ந்தது. செங்குத்து முள்ளில் குறுக்கு நகர்வு சுழியம். சுழியத்தால் வகுத்ததே நிரல் நின்றதற்குக் காரணம் என்பதும் விளங்கியது.

பிறகு பிரெசன்ஹாம் முறையைக் கடன் கணக்காகப் போட்டுப் பார்த்தோம். குறுக்கே 8, நெடுக்கே 3 செல்லும் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை குறுக்கே நகரும்போதும் கடனில் 3 கூட்டுக. கடன் 8-இல் பாதியாகிய 4-ஐ எட்டினால் ஒரு வரிசை ஏறி, 8 கழிக்க. முதல் நகர்வில் கடன் 3, ஏற வேண்டாம். இரண்டாவதில் 6; ஏறுக, மீதி -2. இப்படியே சென்றால் 2, 4, 7 ஆகிய நகர்வுகளில் ஏறுகிறோம். எட்டாம் நகர்வில் கடன் சரியாகச் சுழியம்! பின்னமும் இல்லை, வகுத்தலும் இல்லை. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் பிரெசன்ஹாம், வரைபொறி ஒன்றை இயக்குவதற்காக 1962-இல் கண்ட வழி இது; 1965-இல் அச்சேறியது. மனப்பாடம் செய்தபோது மந்திரமாய் இருந்தது, அன்று கணக்காயிற்று.

நேர்முகத் தேர்வில் எங்கள் குழுவுக்காகப் பேசியவர் அந்த நண்பரே. தமிழிலேயே விளக்கினார். பேராசிரியர் இடைமறிக்காமல் கேட்டார். முழு மதிப்பெண் பெற்ற எனக்கு அன்றுதான் என் மதிப்பெண்ணின் மதிப்புத் தெரிந்தது.

கேட்ட மாத்திரத்தில் முழு நிரலையும் எழுதித் தரும் கருவிகள் இன்று வந்துவிட்டன. அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முள் சிதறும்போது ஏன் சிதறியது என்று சொல்லத் தெரிய வேண்டாமா? மாணவ நண்பர்களே, ஒரு கோட்டையேனும் நம் கையால் வரைவோம். ஆசிரியப் பெருமக்களே, எங்கள் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல் இத்தகைய செயல்திட்டங்களைத் தொடர்ந்து தாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு, இளநிலைக் கணிப்பொறி அறிவியல்