உல்லாசக் கப்பலில் ஏறுமுன் ஒரு வார்த்தை

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். இந்த முறை எங்கே போவது? முன்பெல்லாம் கேமரன் மலை, போர்ட்டிக்சன் கடற்கரை, பினாங்குத் தண்ணீர்மலை என்று போய் வந்து திருப்தி அடைவோம். இன்று தோட்டத்துப் பிள்ளைகளும் கப்பலில் போகலாம் என்று கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. மூன்று இரவு, நான்கு இரவு சென்று திரும்பும் உல்லாசக் கப்பல்கள் போர்ட் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் வந்து நிற்கின்றன. பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தால் நம்மவர்களும் போய் வரலாம்.

ஆனால், வாசகர்களே, விளம்பரத் தாளில் இருக்கும் கப்பல் வேறு. நாம் ஏறும் கப்பல் வேறு. விளம்பரத்தில் வரிசை இருக்காது, பில் இருக்காது, தொலைந்த பெட்டி இருக்காது. இவை மூன்றையும் பார்த்துவிட்டு வந்தவள் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன். என் தவற்றை நீங்கள் செய்யாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

அன்றைய கப்பல்

நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள், என் அம்மா என ஐந்து பேர் போர்ட் கிள்ளானில் ஏறினோம். பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் மூன்று இரவுப் பயணம். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டிய கைகள். கப்பல் அம்மாவுக்குப் புதிதல்ல. 1961ஆம் ஆண்டில் தாத்தாவோடு 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினம் போய் வந்தவர்.

1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று நம் மக்களை ஏற்றி இறக்கியது. (போர்ட் சுவெட்டன்ஹாம்தான் 1972இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று.) ஏழைகள் தளப் பயணிகள். அவர்களுக்கு அறை கிடையாது. தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் பாயை விரித்துப் படுப்பார்கள். தாத்தா அன்று ஒரு காரியம் செய்தாராம். மருந்து, பணம், பத்திரம் மூன்றையும் துணியில் முடிந்து இடுப்பிலேயே கட்டிக்கொண்டாராம். படிக்காத அவருக்குத் தெரிந்தது, படித்த எனக்குத் தெரியாமல் போயிற்று.

பெட்டி வரவில்லை

உல்லாசக் கப்பலில் ஏறும்போது பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அறை எண் எழுதிய சீட்டை ஒட்டி அனுப்பினால், அவை சில மணி நேரம் கழித்து நம் அறை வாசலுக்கு வரும். மதியம் ஏறினால் சில வேளை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பெட்டியைப் பார்க்கலாம்.

அம்மாவுக்கு நீரிழிவு. மாலைச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட வேண்டும். அந்த ஊசியையும், சர்க்கரை பார்க்கும் கருவியையும் அம்மாவின் பெட்டியில் பத்திரமாக அடுக்கியவள் நான். அதே பெட்டியில் என் சேலைக்காகச் சிறிய இஸ்திரிப் பெட்டி ஒன்றையும், வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று கற்பூரம், ஊதுபத்தி, தீப்பெட்டி ஆகியவற்றையும் வைத்தேன்.

இரவு எட்டு மணிக்கு எல்லாப் பெட்டியும் வந்துவிட்டது. அம்மாவின் பெட்டி மட்டும் வரவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாதென்று, ஊசி இல்லாமலேயே எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஒன்பதரை மணிக்கு, "நாக்கு வறளுதுடி, இன்னும் கொஞ்சம் தண்ணி கொடு" என்று நான்காவது முறையாகக் கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

வரவேற்பு முகப்புக்கு ஓடினேன். பெட்டி பாதுகாப்பு அறையில் இருந்தது. சோதனை இயந்திரத்தில் இஸ்திரிப் பெட்டி தெரிந்ததால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாம் போய்த் திறந்து காட்ட வேண்டுமாம். அதற்கும் ஒரு வரிசை. அதற்குள் என் கணவர் அம்மாவைக் கப்பலின் மருத்துவ அறைக்கு அழைத்துப் போனார். அங்கே சோதித்ததில் சர்க்கரை 19. தாதி நல்லவர், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். நள்ளிரவில் அது இறங்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. பில் இருநூறு வெள்ளிக்கு மேல். பணம் போனதை நான் பெரிதாக எண்ணவில்லை. வாய் திறந்து சொல்லாத தாயை நான் கவனிக்கவில்லையே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே முதல் பாடம் இது. மருந்து, கடப்பிதழ், பணம், கண்ணாடி, பல்செட், பிள்ளைக்கு ஒரு மாற்றுடை, இவை உங்கள் கைப்பையில் உங்களோடு வரட்டும். மருந்து நான்கு நாளுக்குத் தேவையென்றால் ஏழு நாளுக்கு எடுங்கள். மருத்துவரிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினைப் பனிக்கட்டி மீது வைக்காதீர்கள்; உறைந்தால் கெட்டுவிடும். அறையில் இருக்கும் சிறு குளிர்ப்பெட்டி சில கப்பல்களில் பானத்தைக் குளிர்விக்க மட்டுமே போதும். மருந்து வைக்க என்று சொல்லி முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டாவது பாடம், கப்பல்காரர்கள் தீக்கு அஞ்சுபவர்கள். நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை. அதனால் இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல், சோறு வடிக்கும் மின்சட்டி, மெழுகுவத்தி, கற்பூரம், ஊதுபத்தி எதற்கும் பொதுவாக அனுமதி இல்லை. சாமிக்கு மனத்தால் விளக்கேற்றினால் போதும்.

எந்த அறை?

விலை குறைந்தது உள்ளறை. அதற்குச் சன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. "அப்ப பாய் விரிச்சுப் படுத்தா வானம் தெரியும். இப்பக் காசு கொடுத்துச் சுவத்தப் பாத்துக்கிட்டுப் படுக்கணுமா?" என்று அம்மா கேட்டார். பகலெல்லாம் வெளியில் திரியும் இளையவர்களுக்கு உள்ளறை போதும். அறையிலேயே அதிக நேரம் இருக்கப்போகும் முதியவர்களுக்குச் சன்னல் உள்ள அறையே நல்லது.

குமட்டலுக்குப் பயப்படுகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. நடனக் கூடத்துக்குக் கீழேயும் சமையல் கூடத்துக்குக் கீழேயும் இருக்கும் அறைகளைத் தவிருங்கள், தூங்க முடியாது. கட்டணம் அறைக்கு இருவர் என்று கணக்கிடப்படுவதால், தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இருவர் கட்டணம் அளவுக்கே கொடுக்க நேரிடும்.

டிக்கெட் விலை முழு விலையல்ல

நம்மவர்கள் அதிகம் மனம் நோவது இதில்தான். டிக்கெட் விலையில் படுக்கை, பொதுவான சாப்பாடு, மேடை நிகழ்ச்சிகள் அடங்கும். துறைமுகக் கட்டணம், சேவைப் பணம், குளிர்பானம், மது, இணையம், சிறப்பு உணவகம், கரைச் சுற்றுலா எல்லாம் பெரும்பாலும் தனி. சேவைப் பணம் தலைக்கு, இரவுக்கு என்று கணக்கு. ஒருவருக்கு ஓர் இரவுக்கு 60 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு மூன்று இரவுக்கு 900 வெள்ளி ஆகிவிடும்! இதைப் பதிவு செய்யும் நாளிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் கடைசி நாளில் அதிர்ச்சி இருக்காது.

கப்பலில் காசு புழங்காது. அறையைத் திறக்கும் அட்டையே பணமும் ஆகும். பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்ய முடியாதபடி முதல் நாளே முகப்பில் சொல்லித் தடுத்துவிடுங்கள். பில் வேறு நாட்டு நாணயத்தில் வரலாம். வெள்ளிக்கு மாற்றிப் பார்த்தே வாங்குங்கள். தினமும் ஒரு முறை கணக்கைக் கேட்டுப் பாருங்கள். சூதாட்டக் கூடம் கப்பல் நாட்டின் கடல் எல்லையைத் தாண்டியதும் திறந்துவிடும். அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பதே குடும்பத்துக்கு அழகு.

கைத்தொலைபேசியிலும் ஒரு குழி இருக்கிறது. கரையை விட்டதும் அது கப்பலின் செயற்கைக்கோள் வழித் தொடர்பைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் ஒரு படம் அனுப்பியதற்கு ஊருக்கு வந்த பிறகு பெரும் பில் வரும். கப்பல் நகர்ந்ததும் தொலைபேசியை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

சாப்பாடும் கைகழுவுதலும்

சைவ உணவு வேண்டுவோர் பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும். காய்கறிதானே என்று எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். கங்கோங் பிரட்டலில் பெலாச்சான் இருக்கும்; வேறு சிலவற்றில் சிப்பிச் சாறோ மீன் சாறோ இருக்கும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் கேட்டே எடுக்க வேண்டும். கேட்பதில் வெட்கம் வேண்டாம். வீட்டில் சமைத்த சோற்றையும் குழம்பையும் கப்பலுக்குள் பொதுவாக அனுமதிப்பதில்லை.

ஆயிரக்கணக்கானோர் ஒரே கரண்டியைத் தொடும் இடம் அது. வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோ கிருமி கப்பலில் வேகமாகப் பரவும். வாசலில் தரும் கைத்தெளிப்பு மருந்து அந்தக் கிருமியிடம் சரியாகப் பலிக்காது. சோப்பும் தண்ணீரும் கொண்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவுவதே மருந்து. இதைத்தான் பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம்!

கரையில் இறங்கினால் கடிகாரத்தைப் பாருங்கள்

பினாங்கில் கப்பல் சுவெட்டன்ஹாம் துறையில் நிற்கும். அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கும், 1833இல் எழுந்த குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்கும் நடந்தே போகலாம். இதற்குக் காசு கொடுத்துச் சுற்றுலா எடுக்க வேண்டியதில்லை.

புக்கெட் அப்படியல்ல. பாத்தோங் கரைக்கு வரும் பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு, சிறு படகில் ஆட்களை இறக்கும். படகுக்கு வரிசை நீளும். கால் முடியாதவர்கள் ஆடும் படகில் ஏறுவது கடினம்; சக்கர நாற்காலியை ஏற்க மறுக்கவும் கூடும். முன்பே விசாரியுங்கள்.

இன்னொன்று: தாய்லாந்து நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். கைத்தொலைபேசி தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிக்கொள்ளும். கப்பல் நேரம் எதுவென்று இறங்குமுன் கேட்டு, கைக்கடிகாரத்தில் அதை வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். நாமே வாடகை வண்டி பிடித்துப் போய்த் தாமதித்தால் காத்திராது. அதனால்தான் கடப்பிதழின் நகலும் கொஞ்சம் பணமும் கையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

கடப்பிதழ் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்குக் குறையாமல் தவணை இருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையை அழைத்துப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் இருப்பது நல்லது. இருபத்து நான்கு வாரக் கர்ப்பத்தை எட்டியவர்களைப் பல கப்பல்கள் ஏற்றுவதில்லை.

ஒத்திகையைத் தட்டாதீர்கள்

ஏறிய அன்றே பாதுகாப்பு ஒத்திகை நடக்கும். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி என்றால் ஆபத்து என்று பொருள். எந்த இடத்தில் கூட வேண்டும் என்று காட்டித் தருவார்கள். பலர் சலித்துக்கொண்டு அறையில் படுத்துக்கொள்கிறார்கள். 2012 ஜனவரி 13ஆம் தேதி இத்தாலிக் கடலில் 'கோஸ்டா கொன்கோர்டியா' என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் மாண்டனர். அன்று ஏறிய பல நூறு பேருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதன் பிறகே, புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே ஒத்திகை நடத்த வேண்டும் என்ற உலக விதி 2015இல் நடப்புக்கு வந்தது. அந்த அரைமணி நேரத்தைக் கொடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியானது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை தென்சீனக் கடலும், மே முதல் அக்டோபர் வரை புக்கெட் பக்கமும் அலை கூடுதல். குமட்டல் வந்தால் வெறும் வயிற்றோடு படுத்துக் கிடக்காதீர்கள். இஞ்சியும் வறண்ட பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு, வெளித்தளத்தில் நின்று அடிவானத்தைப் பாருங்கள்.

கடைசி நாள் விடியற்காலையில் அம்மாவை மேல்தளத்துக்கு அழைத்துப் போனேன். கிள்ளான் விளக்குகள் தெரிந்தன. அம்மாவின் மருந்துப் பை அப்போது என் தோளில் இருந்தது. "எங்கப்பா இந்தக் கரையைத்தான் கையக் காட்டி, வீடு வந்துடுச்சின்னாரு" என்றார். சற்று நேரம் கழித்து, "அடுத்த தடவை சன்னல் வச்ச அறையா எடு" என்றும் சொன்னார். அடுத்த தடவை என்று அவர் வாயால் வந்ததே, எனக்கு அது போதும்.

போய் வாருங்கள், வாசகர்களே. பெரியவர்களையும் அழைத்துப் போங்கள். ஆனால் சாப்பாட்டு மேசையில் உட்காருமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "மருந்து போட்டாச்சா?"