கடிகாரம் வைத்துக் குறைத்த கூலி

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தைவிடக் குறைவாகக் கொடுக்கலாம் என்ற சலுகை கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. அவர்கள் போகும் பகல்நேர மையங்களே மூடப்படப்போவதாக எண்ணிப் பலர் எழுதினார்கள். முடிந்தது மையமல்ல, மையத்துப் பட்டறைகளில் நடந்துவந்த ஒரு கூலிக் கணக்கு. 1938-ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம், 14(சி) பிரிவு, அதற்கு இடம்கொடுத்தது. வேலைவாய்ப்பு சுருங்காமல் காக்கவே இந்த ஏற்பாடு என்பது அரசு விளக்கம். யார் செலவில் காத்தார்கள் என்பது கணக்கைப் பிரித்தால் தெரியும்.

உறை ஒட்டும் வேலைக்கு வட்டாரக் கூலி மணிக்கு 20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். குறைபாடில்லாத, கைதேர்ந்த ஒருவர் ஒரு மணிநேரத்தில் 100 உறை ஒட்டினால் அதுதான் அளவுகோல். மையத்தில் இருப்பவர் 30 ஒட்டினால் அவருக்கு 6 டாலர். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மறுபடி அளக்க வேண்டும். கச்சிதமான சூத்திரம்தான். ஆனால் அளவுகோலை வைப்பதும், கடிகாரத்தைப் பிடிப்பதும், கூலி கொடுப்பதும் ஒரே கை. மேசையின் உயரம், பயிற்சி, ஆளுக்கேற்ற வேலை எல்லாம் மையத்தின் பொறுப்பு. அவை சரியில்லாததால் வரும் தாமதமோ தொழிலாளியின் கணக்கில் ஏறுகிறது. கை மெதுவான மற்றவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே முதலாளி போக முடியாது. இவர்களுக்கு இருந்த அரைகுறை வரம்பையும் 1986 திருத்தம் எடுத்துவிட்டது. இந்த ஏற்பாட்டில் வேலை செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மணிக்கு 3.50 டாலருக்கும் குறைவாகவே பெற்றதாக அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2023-இல் மதிப்பிட்டது.

முழுக்கூலி கட்டாயமானால் உள்ள வேலையும் போய்விடும் என்கின்றன மையங்கள். பொய்யான அச்சமில்லை. ஆனாலும் வெர்மாண்ட் மாநிலம் 2002-லேயே இத்தகைய பட்டறைகளுக்கு முடிவுகட்டி, வெளி நிறுவனங்களில் வேலை, பக்கத்தில் துணைக்கு ஒரு பயிற்றுநர் என்ற வழிக்குப் போனது. அதற்குப் பணம் வேண்டும், அவ்வளவுதான். எனக்கு உறுத்துவது வேறு. கலிஃபோர்னியாவின் சட்டம் குறைகூலியைத் தடுக்கிறதே தவிர, வேலை கொடுக்கச் சொல்லவில்லை. பட்டறையிலிருந்து எழுப்பியவரைக் கூலியே இல்லாத பகல்நேர நிகழ்ச்சியில் உட்கார வைத்தாலும் சட்டம் மீறப்படாது. அரசின் அட்டவணையில் குறைகூலிக்காரர் எண்ணிக்கை மட்டும் பூஜ்யமாகிவிடும். வெளியே வாரத்துக்கு எத்தனை மணிநேரம் கூலிவேலை கிடைத்தது என்ற எண்ணைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எழுதியவர்களின் கேள்விகளுக்கு வருவோம். மையத்துக்குத் தொடர்ந்து போகலாமா? போகலாம். எஸ்எஸ்ஐ என்ற கூட்டாட்சி உதவித்தொகை நின்றுவிடுமா? வேறு வருமானம் இல்லையென்றால், மாதம் 85 டாலருக்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலர் குறையும். மற்ற மாநிலங்களில்? கூட்டாட்சிச் சட்டம் அப்படியே இருக்கிறது. குறைகூலிக்கு அனுமதி தரும் 14(சி) சான்றிதழ்களை மூன்றாண்டில் படிப்படியாக நிறுத்தும் யோசனையை அமெரிக்கத் தொழிலாளர் துறை 2024 டிசம்பரில் வெளியிட்டிருந்தது, கருத்துச் சொல்ல 2025 ஜனவரி 17 கடைசி நாளாக இருந்தது.