தெரிந்தும் ஏன் சொல்வதில்லை?

தாம்பரம் சானடோரியத்தில் உள்ள மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் மட்டுமல்ல, எந்தத் தொழிற்கூடத்திலும் ஒரு மெஷின் எப்போது மக்கர் செய்யும், எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்கினால் வழிக்கு வரும் என்பது பழைய ஆபரேட்டர் ஒருவருக்குத்தான் அத்துப்படி. புதிதாக வந்த பையன் கேட்டால், "பார்த்துப் பழகிக்கோ தம்பி" என்பார்.

2012-ல் கேத்தரின் கானலி தலைமையிலான கனடா ஆய்வாளர்கள் இப்படித் தெரிந்ததை மறைப்பதை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: அரைகுறையாகச் சொல்லி நழுவுவது, தெரியாதது போலக் கையை விரிப்பது, "மேலிடத்து உத்தரவு" என்று காரணம் சொல்லி மறுப்பது. கேட்பவர் மீது நம்பிக்கை இல்லாதது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்றும் கண்டார்கள்.

அந்த அவநம்பிக்கையை வளர்ப்பவர் பெரும்பாலும் மேலாளர்தான். பத்துப் பேர் முன்னால் திட்டுபவர், அடுத்தவர் யோசனையைத் தன் பெயரில் மேலே அனுப்புபவர், ஒப்பந்தத் தொழிலாளியிடம் "உனக்குப் பதில் ஆள் ரெடி" என்பவர். இவர்களிடம் வேலை செய்பவருக்குத் தெரிந்த வித்தைதான் ஒரே பாதுகாப்பு. அதை ஒளிப்பவரைக் குற்றம் சொல்வது அநியாயம்.

அதே தாம்பரத்தில் இதற்கு நேர்மாறான ஓர் இடமும் இருக்கிறது. விமானப்படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி 1948-ல் அம்பாலாவில் தொடங்கி, 1954-ல் இங்கே வந்தது. தேர்ந்த விமானிகள் இங்கே கற்றுக்கொடுக்கக் கற்கிறார்கள். விமானத்தை ஓட்டிக்கொண்டே கையின் ஒவ்வொரு அசைவையும் வாய்விட்டு விளக்கிப் பழகுகிறார்கள். கற்பிக்கும் திறனுக்கே தரம் வழங்கப்படுகிறது.

தொழிற்கூடங்களிலும் கற்பிப்பதற்கு இப்படி மதிப்புத் தரப் பெரிய செலவு வேண்டாம். புதியவருக்குச் சொல்லிக்கொடுத்த அரை மணி நேரத்தை அன்றைய டார்கெட்டில் குறையாகக் காட்டாமல், வேலையாகவே சூப்பர்வைசர் பதிந்தால் போதும்.