பீரோவுக்குள் தூங்கும் ஹேண்டிகேம்

உங்க வீட்டு பீரோவுல, பட்டுப்புடவைகளுக்குப் பின்னாடி ஒரு பழைய ஹேண்டிகேம் இருக்கா? கூடவே நாலஞ்சு மினி டிவி கேசட்டும்? (இந்த டிவி டெலிவிஷன் இல்லைங்க, டிஜிட்டல் வீடியோ!) அக்காவோட காதுகுத்து, தாத்தா பேசினது எல்லாம் அதுலதான் இருக்கும். ஆனா கேசட் மட்டும் இருந்தா போதாது. அதைப் படிக்கிற கேமராவும் உயிரோட இருக்கணும். இப்போ கடையில புதுசா வாங்கவும் முடியாது.

ஹெட் ஏன் இவ்வளவு முக்கியம்?

கேசட்டை ஓட்டும்போது உள்ளே ஒரு சின்ன உருளை நிமிடத்துக்கு 9000 முறை சுழல்கிறது. அதில் பதித்திருக்கும் இரண்டு ஹெட்கள்தான் டேப்பைப் படிக்கின்றன. ஒரு தடத்தின் அகலம் வெறும் 10 மைக்ரான். தலைமுடியே இதைவிடப் பல மடங்கு தடிமன்! அதனால் டேப்பிலிருந்து உதிரும் துகள் கொஞ்சம் ஒட்டினாலே படம் கட்டம் கட்டமா உடையும், சத்தம் விட்டு விட்டுக் கேட்கும். நம்ம ஊர் பால் முறையில் ஒரு ஃப்ரேமுக்கு 12 தடங்கள். இரண்டு ஹெட்களும் மாறி மாறிப் படிப்பதால், ஒன்று மட்டும் அடைத்தால் படம் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பட்டை பட்டையாகக் கெடும். இதைப் பார்த்தாலே நோய் புரிஞ்சிடும்.

வைத்தியம்

முதல்ல தாத்தா கேசட்டைப் போட்டுடாதீங்க! ரொம்ப நாள் ஓடாத கேமரா டேப்பைக் கடிச்சிடலாம். தேவையில்லாத கேசட் ஒண்ணைப் போட்டு ஓட்டிப் பாருங்க. எல்லா கேசட்டும் உடைஞ்சு தெரிஞ்சா ஹெட்டில் அழுக்கு. ஒண்ணு மட்டும்னா அந்த டேப்பில்தான் கோளாறு.

ஹெட்டுக்கு உலர் வகை க்ளீனிங் கேசட் போதும். பத்து விநாடி ஓட்டி நிறுத்துங்க, ரீவைண்ட் பண்ண வேண்டாம். அது நைசான உப்புத்தாள் மாதிரி. அடிக்கடி போட்டா ஹெட்டே தேயும். காது குடையுற பஞ்சுக்குச்சியை உள்ளே விடவே விடாதீங்க, இழை சிக்கினா ஹெட் உடைஞ்சிடும்.

லென்ஸுக்கு முதலில் ஊதுகுமிழ், பிறகு மெல்லிய பிரஷ், கடைசியாக மைக்ரோஃபைபர் துணி. தூசியோட துடைச்சா கீறல்தான் மிச்சம். வாயால ஊதினா எச்சில் தெறிக்கும்.

எங்கே வைப்பது?

ஈரப்பதம்தான் பெரிய எதிரி. லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்க. பட்டுப்புடவைக்குப் போடும் அந்துருண்டை பக்கத்தில் வேண்டாம், அதன் ஆவி கேமராவுக்கு ஆகாது. ஏசி அறையிலிருந்து புழுக்கத்துக்கு வந்தால் உள்ளே நீர் கோர்க்கும், ஈர உருளையில் டேப் ஒட்டிக்கொள்ளும். கேசட் மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காய விடுங்க. பேட்டரியைக் கழற்றி, பாதி சார்ஜில் வையுங்க. உப்பிப்போன பேட்டரியை சார்ஜில் போடவே கூடாது.

கடைசியா ஒண்ணு

இவ்வளவு பராமரித்தாலும் கேமரா நிரந்தரமில்லை. ஓடுற நிலையில் இருக்கும்போதே ஃபயர்வயர் வழியாகக் கணினியில் ஏத்திடுங்க. ஒரு மணி நேர டேப்புக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். பழைய டெஸ்க்டாப்பில் ஒரு ஃபயர்வயர் கார்டு போட்டாலே வேலை முடிஞ்சிடும். இந்த செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்கல்ல? பீரோவை ஒரு தடவை திறந்து பாருங்க!