குழாய் எங்கே முடிகிறது?

கட்டட வடிவமைப்பு மென்பொருளான ரெவிட்டில் இரண்டு குழாய்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வரைந்தால், மூலையில் எல்போ தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. எப்படி? எல்போ போன்ற ஃபிட்டிங்கின் ஒவ்வொரு வாயிலும் ‘கனெக்டர்’ என்றொரு புள்ளி இருக்கிறது. விட்டம் எவ்வளவு, பார்க்கும் திசை எது என்ற விவரங்களை அது சுமக்கிறது. குழாயின் முனையும் கனெக்டரும் பொருந்தினால் இணைப்பு விழும். எல்போவுக்கு இடம் போதாவிட்டால் பிழைச் செய்தி வரும்.

அந்தப் புள்ளியை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பிவிசி குழாய் எல்போவின் வாயோடு நின்றுவிடுவதில்லை; சாக்கெட்டுக்குள் நுழைந்து, பசை பிடித்து, உள்விளிம்பில் முட்டி நிற்கிறது. கனெக்டரை வாய் விளிம்பில் வைத்துவிட்டால் உள்ளே போகும் பகுதி கணக்கிலேயே வராது. சாக்கெட் ஆழம் 50 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்: இரு முனைக்கும் சேர்த்து 100 மி.மீ. குறையும். பட்டியலைப் பார்த்து அறுத்த குழாய் கட்டுமான இடத்தில் எட்டாது! கனெக்டர் உள்விளிம்பில்தான் இருக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது.

கோணமும் கவனிக்க வேண்டியதே. 37 பாகை எல்போவையும் மென்பொருள் தயங்காமல் வரைந்து தரும். ஆனால் கடையில் வழக்கமாகக் கிடைப்பவை 45, 87.5, 90 பாகை போன்ற சில கோணங்கள்தான். குறிப்பிட்ட கோணங்களை மட்டும் அனுமதிக்கும் வசதி ரெவிட்டிலேயே உண்டு. முதல் கோடு போடுமுன் அதைத் தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது.